மண்ணில் மிதிக்காத கால்

செயற்கை நுண்ணறிவு நடனம் அமைக்கிறது என்று யாராவது பேச்செடுத்தால் பலருக்கும் லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று தூரதேசத்து மேடைகள்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு முதலில் வருவது புக்கிட் காயு ஹீத்தாம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையைப் பிடித்தால் அலோர் ஸ்டார், ஜித்ரா, சங்லூன், பிறகு இந்த எல்லைச் சாவடி. அதற்கு அப்பால் தாய்லாந்து. இந்த விஷயத்தில் நான் மிக அதிகமாக மதிக்கும் கலைஞர் அந்தப் பக்கத்துக்காரர். பெயர் பிச்செட் கிளுன்சுன்.

அவர் கோன் என்கிற முகமூடி நடனத்தில் பயின்றவர். ராமாயணக் கதையை ஆடும் ஆட்டம் அது. தாய் மரபு நடனத்துக்கு அடிப்படையாக ‘மே போட் யாய்’ என்று 59 நிலைகள் உண்டு. நமக்கு அடவுகள் எப்படியோ அவர்களுக்கு அவை அப்படி. குரு காட்டுவார், சீடன் அப்படியே நிற்பான், ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. பிச்செட் கேட்டார். ஒவ்வொரு நிலையையும் பல ஆண்டுகள் வரைந்து பார்த்து, கோடு போட்டு, இந்தக் கை ஏன் இங்கே வளைகிறது, எடை எங்கே போகிறது என்று பிரித்தெடுத்தார். கடைசியில் ஆறு கூறுகளில் கொண்டு வந்து நிறுத்தினார்: ஆற்றல், வட்டமும் வளைவும், அச்சுப் புள்ளிகள், கைகால்களின் ஒத்தியக்கம், உடலுக்கு வெளியே இருக்கும் வெளி, மாறிக்கொண்டே இருக்கும் உறவுகள். அந்த முயற்சிக்கு அவர் வைத்த பெயர் ‘நம்பர் 60’. 59-க்கு அடுத்த நிலையை இனி நாமே கண்டுபிடிக்கலாம் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் வருகிறது. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் இருக்கும் பாட் பத்தரனுத்தபோர்ன் என்ற தாய்லாந்து ஆய்வாளரோடும் அவரது குழுவோடும் சேர்ந்து, இந்த ஆறு கூறுகளையும் மெய்நிகர் ஆட்டக்காரர்களுக்குள் ஏற்றினார். ‘சைபர் சுபின்’ என்று 2024-இல் அது வெளியுலகத்துக்கு வந்தது. திரையில் அந்த உருவம் ஆடும், மேடையில் மனிதர் ஆடுவார், ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்லிக்கொண்டு ஆட்டம் நகரும்.

இதில் எனக்குப் பிடித்தது வரிசை. இயந்திரம் வந்து அவருடைய மரபை அள்ளிக்கொண்டு போகவில்லை. அவரே முதலில் தன் மரபைத் திறந்து பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். எதைக் கொடுப்பது என்று அவர் தீர்மானித்தார். அதனால்தான் அங்கே இயந்திரம் அவருக்கு உதவியாளாக நிற்கிறது.

இப்போது எல்லைக்கு இந்தப் பக்கம் வருகிறேன். நம் பக்கம்.

கெடாவின் ரப்பர் தோட்டங்களில் ஆட்டத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் கும்மி, கோலாட்டம், கரகம், காவடி. சில தோட்டங்களில் காமன் கூத்தும் நடந்தது. பரதநாட்டியம் நகரத்துக்காரர்கள் கற்றது. 1981-இல் கோலாலம்பூரில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலைப்பள்ளி தொடங்கி, அது பினாங்குக்கும் வந்த பிறகு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சலங்கை கட்டினார்கள். நானும் அப்படிக் கற்று, இப்போது சுங்கை பட்டாணியில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளுக்கு முன்னால் ஆடிய ஆட்டத்துக்கு வகுப்பும் கிடையாது, அரங்கேற்றமும் கிடையாது. “இந்தக் கும்மிய யாரு சொல்லிக் குடுத்தாங்க?” என்று என் அத்தையைக் கேட்டால், “யாரு சொல்லிக் குடுக்கறது? பெரியவங்க ஆடுனாங்க, நாங்களும் பின்னாலயே ஆடுனோம்” என்பார். அவ்வளவுதான் அதன் வரலாறு. எழுதிய ஆள் இல்லை, ஏடு இல்லை, படம் பிடித்த ஆளும் இல்லை.

இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன. இன்னும் பலவற்றில் தாமான் குடியிருப்பு வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. லயம் இல்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் இல்லை. இளைஞர்களிடம் உருமி மேளம் இருக்கிறது. தைப்பூசத்தில் சுங்கை பட்டாணித் தெருக்களில் நின்று பார்த்தால் தெரியும், அது எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று. கும்மியும் கரகமும் அப்படி இல்லை. அவை எழுபது வயதைத் தாண்டிய சில பெண்களின் முழங்காலில் மட்டும் மிச்சம் இருக்கின்றன.

என் அத்தை பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கப் பால் வெட்டியவர். அவருடைய ஆட்டத்தையும் வேலையையும் பிரித்துப் பார்க்க எனக்கு வருவதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய ரப்பர் மரம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதன் முன்னால் அவரை நிற்கச் சொல்லி, வெட்டிக் காட்டச் சொன்னேன். என்னிடம் நடனம் கற்கும் பையன் ஒருவன் கூலிமில் வேலை செய்கிறான், கம்ப்யூட்டர் விஷயம் தெரிந்தவன். கைப்பேசியில் எடுத்த படத்திலிருந்து உடம்பின் அசைவைப் பிரித்தெடுக்கும் இலவச மென்பொருள் ஒன்றை அவன் கொண்டுவந்தான். கூகுளின் மீடியாபைப். ஓர் உடம்பை 33 புள்ளிகளாக அது பார்க்கும். மூக்கு, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், குதிகால் என்று புள்ளி வைத்துக் கோடு இழுத்துவிடும்.

அத்தை செய்ததைச் சொல்கிறேன். முதலில் முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்தார். இடது காலை மரத்தடியில் ஊன்றினார். உளியை வெட்டுக்கோட்டின் மேல்முனையில் வைத்து, தன்னை நோக்கி இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றிப் பின்னால் நகர்ந்தார். இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஓடும் சாய்கோடு அது. கை இழுக்கிறது, கால் பின்வாங்குகிறது, இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. மூன்றும் ஒரே வேகத்தில். பட்டையிலிருந்து சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி வெட்டவே முடியாது. விடியும் முன் இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு காலைக்குள் நானூறு ஐந்நூறு மரத்துக்கு மேல் இதைச் செய்ய வேண்டும். அந்த நேரத்தில்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம்.

திரையில் பார்த்தோம். புள்ளிகள் நன்றாகவே ஓடின. சுற்றி நகரும் கால் தெரிந்தது, இறங்கும் இடுப்பும் தெரிந்தது. கை மரத்துக்குப் பின்னால் மறைந்த இடத்தில் மட்டும் முழங்கை எங்கோ பறந்துவிட்டுத் திரும்பி வந்தது. அது சின்ன விஷயம், இன்னொரு கேமரா வைத்தால் சரியாகிவிடும். பெரிய விஷயம் வேறு. அந்தக் கோட்டு உருவத்தைப் பார்த்தால் உளி பட்டையில் இறங்குகிறதா, காற்றில் போகிறதா என்று சொல்லவே முடியவில்லை. அத்தையின் மொத்த வித்தையும் அந்த ஒன்றரை மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. அழுத்தத்தில் இருக்கிறது. உடம்பு எங்கே இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியும். எவ்வளவு அழுத்துகிறது என்று தெரியாது.

நடனத்துக்கும் இதே கதைதான். நடனம் அமைக்கும் இயந்திரங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப ஒரே குறையோடு மல்லுக்கட்டுவதைக் கண்டேன். இயந்திரம் உருவாக்கும் ஆட்டக்காரனின் பாதம் தரையில் வழுக்குகிறது. ஊன்றிய கால் ஊன்றிய இடத்தில் நிற்காமல், பனிக்கட்டி மேல் நிற்பதுபோல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘எட்ஜ்’ என்ற நடன நிரல் இதைச் சரிசெய்யவே தனியாக மெனக்கெட்டது. பாதம் தரையைத் தொடும் நேரத்தில் நகரக்கூடாது என்று இயந்திரத்துக்கு விதி சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. நாமோ ஆட்டத்தைத் தொடங்குவதே தட்டடவில். நம் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் பாதத்தைத் தரையில் அடித்து ஊன்றுவது. கும்மியில் கைத்தட்டும் கால்மிதியும் இல்லையென்றால் மிச்சம் எதுவும் இல்லை. உருமிக்கு ஆடும் பையனைப் பாருங்கள், அவன் மண்ணோடு சண்டை போடுவதுபோல்தான் ஆடுவான். இயந்திரத்துக்கு மிகக் கஷ்டமாக இருக்கும் இடமும் நம் ஆட்டத்தின் உயிர் இருக்கும் இடமும் ஒன்றுதான்.

இந்த வகை இயந்திரங்கள் எதைப் பார்த்துக் கற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கிய நிரலைப் பற்றிய கட்டுரையின் பெயரே ‘ஏஐ கோரியோகிராஃபர்’. ஒரு பாட்டையும் இரண்டு வினாடி அசைவையும் கொடுத்தால், அதற்கு மேல் ஆட்டத்தை அதுவே அமைத்துக்கொண்டு போகும். அது பயின்ற தொகுப்பு ஜப்பானில் பிடித்த படங்களிலிருந்து வந்தது: 30 ஆட்டக்காரர்கள், 10 வகை நடனம், மொத்தம் 5.2 மணி நேரம். பிரேக், பாப், லாக், ஹவுஸ், கிரம்ப், ஹிப்-ஹாப், ஜாஸ் வகைகள். எட்ஜும் இதே தொகுப்பில்தான் படித்தது. நல்ல ஆட்டங்கள் அவை, நானும் என் மாணவர்களும் விரும்பிப் பார்ப்பவை. ஆனால் அதில் ஆசியாவின் மரபு நடனம் ஒன்றுகூட இல்லை. அந்தத் தொகுப்பில் ஓர் உடம்புக்கு 24 மூட்டுகள், விரல்கள் தனியாக இல்லை. முத்திரை அங்கே நுழையவே முடியாது. கட்டைவிரலும் மோதிர விரலும் தொட்டு மயூரம் ஆவதும், விரல்கள் குவிந்து முகுளம் ஆவதும் அந்த இயந்திரத்துக்கு ஒரே உள்ளங்கைதான்.

இதை யார் மேலும் குற்றமாகச் சொல்லவில்லை. ஜப்பானியர்கள் தங்கள் தெரு நடனக்காரர்களை அழைத்து, சுற்றிலும் கேமரா வைத்து, முறையாகப் படம் பிடித்தார்கள். யார் உழைத்தார்களோ அவர்களுடைய ஆட்டம் இயந்திரத்துக்குள் போயிற்று. இந்தப் பக்கம் நாம் உழைக்கவில்லை. இதில் என்னை மிகவும் உறுத்துவது கூலிம். 1996-இல் திறந்த கூலிம் ஹை-டெக் பார்க்கில் நம் தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் நிறுவனம் அங்கே சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்குப் பெரிய தொழிற்சாலை திறந்தது. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அந்த வகைச் சில்லுகள் மின்கார்களுக்கும் தரவு மையங்களுக்கும் போகின்றன. அம்மா பால் வெட்டினார், மகள் சில்லு செய்கிறாள். இயந்திரத்தின் உடம்பில் நம் கை பட்டிருக்கிறது, அதன் நினைவில் நம் கால் படவில்லை.

இயந்திரம் நடனம் அமைப்பதே தப்பு என்று சொல்லும் நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்களிடம் நான் சொல்வது மெர்ஸ் கன்னிங்ஹாமைப் பற்றி. 1919-இல் பிறந்த அமெரிக்கர். நவீன நடனத்தை மாற்றிப்போட்டவர்களில் ஒருவர். 1950-களிலேயே காசைச் சுண்டிப் போட்டு அடுத்த அசைவு என்ன என்று தீர்மானித்தார். பழகிய உடம்பு பழகிய வழியிலேயே போகும், அதை உடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எழுபது வயதில் மூட்டுவலி வந்து உடம்பு ஒத்துழைக்காதபோது, கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் உருவான ‘லைஃப் ஃபார்ம்ஸ்’ என்ற மென்பொருளில் உட்கார்ந்து நடனம் அமைத்தார். 1991-இல் ‘டிராக்கர்ஸ்’, 1999-இல் ‘பைப்பெட்’. திரையில் காலுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்து ஒன்றாகச் சேர்ப்பார். ஆட்டக்காரர்கள் அதை ஆட முடியாமல் திணறி, முயன்று, கடைசியில் புதிதாக ஏதோ ஒன்றைக் கண்டெடுத்தார்கள். மூட்டுவலிக்காரர் ஒருவர் தன் கலையை விட்டுவிடாமல் இருக்க இயந்திரம் வழி செய்தது என்றால் அதை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

லண்டனின் வேய்ன் மெக்ரிகரும் 2019-இல் கூகுளோடு சேர்ந்து அப்படி ஒன்றைச் செய்தார். தன் 25 ஆண்டுப் படைப்புகளின் காணொளிகளைக் கொடுத்துப் பயிற்றுவித்த இயந்திரம், ஆட்டக்காரர் ஓர் அசைவைச் செய்தால் அடுத்து என்ன வரலாம் என்று பல வழிகளை நீட்டும். ஆட்டக்காரர் அதில் எடுத்துக்கொள்வார், தள்ளுவார், மாற்றுவார். அங்கேயும் கொடுத்தது அவருடைய சொந்தக் களஞ்சியம்.

இந்தியாவில் இந்த முயற்சி இல்லாமல் இல்லை. கோவாவைச் சேர்ந்த சங்கீதா ஜாதவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2012 வாக்கிலேயே பரதநாட்டியத்துக்குப் புதிய நிலைகளைக் கணினி வழியாக உருவாக்கப் பார்த்தார்கள். தலை, கை, இடுப்பு, கால் என்று உடம்பைக் கூறுகளாக்கி, ஒரு தாளத்தட்டுக்கு எத்தனை சேர்க்கைகள் சாத்தியம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கற்ற சேர்க்கைகள் வந்தன, அதில் நல்லதைத் தேர்ந்தெடுக்கத்தான் நிரல். கரக்பூர் ஐஐடியில் அடவுகளைக் கினெக்ட் கேமராவில் பிடித்து, சொல்லுக்கட்டோடு சேர்த்துக் குறித்து வைத்த வேலையும் நடந்தது. இரண்டும் மதிப்புள்ள வேலைகள். ஆனால் பரதம் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட கலை. அடவுக்குப் பெயர் உண்டு, முத்திரைக்குப் பெயர் உண்டு, சொல்லுக்கட்டு உண்டு. தோட்டத்துக் கும்மிக்கு இதில் எதுவும் கிடையாது. பிச்செட் செய்த முதல் வேலையை, அந்தப் பிரித்துப் பார்க்கும் வேலையை, நாம்தான் செய்தாக வேண்டும்.

அதைச் செய்யும்போது அசைவை மட்டும் எழுதினால் போதாது. ஏன் அசைந்தார்கள் என்றும் எழுத வேண்டும். பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஏ. எம். சாமி அங்கே தொண்டர் படையைத் தொடங்கினார். கள்ளுக்கடையை எதிர்த்து, தோட்டத்து இளைஞர்கள் வரிசையில் நின்று, ஒரே காலடியில் அணிவகுத்தார்கள். இந்திய தேசிய ராணுவக் காலத்துப் பழக்கம் அந்த நடையில் இருந்தது. அதுவரை காலையில் பெரட்டில் கங்காணி முன்னால் குனிந்து நின்ற அதே உடம்புகள். நெஞ்சை நிமிர்த்தி ஒன்றாகக் காலெடுத்து வைத்தபோது தோட்ட நிர்வாகங்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1947-இல் போலீசாரோடு மோதல், கைது என்று அது போய் முடிந்தது. கெடா தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெரிய குழு நடன அமைப்பு எனக்குத் தெரியாது. அந்த அணிவகுப்பை 33 புள்ளிகளாக மாற்றினால் கிடைப்பது வெறும் நடை. குனிந்த முதுகு எப்படி நிமிர்ந்தது என்பது அதற்கு முந்தைய நாள் தெரிந்தவருக்குத்தான் விளங்கும். நடனம் அமைப்பவர் அந்த முந்தைய நாளையும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இயந்திரம் அடுத்த அசைவைச் சொல்லட்டும். முந்தைய நாளை நாம் சொல்வோம்.

அதனால் என் மாணவர்களோடு சேர்ந்து வேலையைத் தொடங்கிவிட்டேன். தோட்டத்தில் ஆடிய பெண்களைப் படம் பிடிக்கிறோம். கூடவே நோட்டில் தமிழில் குறிப்பு எழுதுகிறோம்: எந்தக் காலில் எடை, எந்த இடத்தில் மூச்சு, எந்தத் தட்டு கனமானது, எது லேசானது, ஆடியது எந்தத் திருவிழாவில், யாரைப் பார்த்துக் கற்றது. தரையில் மைக் ஒன்று வைக்கிறோம். கேமராவுக்குத் தெரியாத அழுத்தம் சத்தத்தில் கொஞ்சமாவது மாட்டும் என்பது அந்தக் கூலிம் பையனின் யோசனை, அது வேலை செய்கிறது. கனமான மிதியும் லேசான மிதியும் கேட்டவுடனே பிரிந்து தெரிகின்றன.

இணையத்தில் எதையும் போடுவதில்லை. படத்தின் பிரதி ஆடியவர் வீட்டில் இருக்கும், அவர் சரி என்றால்தான் மென்பொருளுக்குள் போகும், வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம். இதை அத்தையிடம் விளக்கியபோது நெடுநேரம் கேள்வி கேட்டார்.

“இத அந்த மெஷின் வெச்சிகிட்டு என்னா பண்ணும்?”

“பாத்துக் கத்துக்கும் அத்தை. அப்புறம் உங்க மாதிரியே புதுசா ஆட்டம் போட்டுக் காட்டும்.”

“என்னைய மாதிரியா? எனக்குக் கால் வலிக்குது, அதனாலதான் இப்ப இப்படி வெக்கிறேன். வயசுல இப்படி ஆடல. அதயும் அதுக்குச் சொல்லுவியா?”

சொல்ல வேண்டும். இதைக் கேட்ட பிறகு குறிப்பில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தோம்: வலிக்காத காலத்தில் இந்த அடி எப்படி இருந்தது. ஆடியவரே பேசி, கையால் காட்டி, தெரிந்த இளையவளை ஆடவைத்துத் திருத்துகிறார். “இன்னும் தாழ்த்து. இன்னும். ஆங், அதான்.” அந்தத் திருத்தும் பேச்சையும் சேர்த்தே பதிவு செய்கிறோம். என்னைக் கேட்டால் நாங்கள் சேர்த்ததிலேயே விலை மதிப்பில்லாத பகுதி அதுதான். நாளைக்கு ஓர் இயந்திரம் கும்மிக்கு அடுத்த அடி அமைத்தால், அது சரியா தப்பா என்று சொல்லும் காது வேண்டும். அந்தக் காது இந்தப் பேச்சில் இருக்கிறது.

தனியாக ஆடி எடுத்தது போதாது என்று அத்தை இப்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கும்மி என்றால் வட்டம், குறைந்தது நாலு பேர் வேண்டுமாம். எதிரில் இருப்பவள் குனிகிற வேகத்தைப் பார்த்துத்தான் இவர் நிமிர்வாராம். அவரோடு ஆடியவர்களில் ஒருவர் பாடாங் செராயில் மகள் வீட்டில் இருக்கிறார், ஒருவர் லூனாஸில், இன்னொருவர் பட்டர்வொர்த்தில். ஆடி மாதத்துக்கு முன் நால்வரையும் கூட்டி வர வேன் பேசியிருக்கிறோம். வட்டத்தில் ஒருவரை ஒருவர் மறைப்பார்கள், அதனால் மேலிருந்து பார்க்க இன்னொரு கேமரா ஏற்பாடாகிறது. மண்டபம் வேண்டாம், சிமெண்ட் தரையில் கால் பேசாது என்று நால்வரும் ஒரே பிடியாக நிற்பதால், பீடோங்கில் மண் தரை உள்ள கோயில் வளாகம் ஒன்றில் அனுமதி கேட்டிருக்கிறேன்.